சிறை எங்கிருந்து வந்தது, எதைச் சரிசெய்கிறது?

ஒருவர் குற்றம் செய்கிறார், பிடிபடுகிறார். அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் வாயில் முதலில் வருவது "உள்ளே தள்ளு" என்பதுதான். எத்தனை மாதம், எத்தனை ஆண்டு என்பதில் வேண்டுமானால் வாக்குவாதம் வரும். பூட்டி வைப்பதைத் தவிர வேறு வழி இருக்கிறதா என்று யாரும் யோசிப்பதில்லை. சிறை ஆதிகாலத்திலிருந்தே இப்படித்தான் இருந்தது என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது.

அது உண்மையல்ல. குற்றத்துக்குத் தண்டனையாக ஆளை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைக்கும் வழக்கம் உலகில் பரவலாகி ஏறத்தாழ 250 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன்பும் சிறைகள் இருந்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆளைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் இடங்கள். விசாரணை முடியும்வரை, வாங்கிய கடனைக் கட்டும்வரை, தூக்கில் போடும் நாள் வரும்வரை அங்கே இருக்க வேண்டும். தண்டனை தனி: சாட்டையடி, அபராதம், கை கால் வாங்குவது, நாடு கடத்துவது, உயிரை எடுப்பது.

நம் பக்கத்திலும் அப்படித்தான். சோழர் காலக் கல்வெட்டுகளில் சில வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. வேட்டைக்குப் போன இடத்தில் குறி தவறி அம்பு இன்னொருவர் மேல் பாய்ந்து உயிர் போய்விடுகிறது. ஊரார் கூடி விசாரிக்கிறார்கள். வேண்டுமென்று செய்ததல்ல என்று தெரிந்தால், அந்த ஆள் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பு வரும். ஒரு விளக்குக்கு 96 ஆடு, சில இடங்களில் 90. அந்த ஆடுகளின் பாலிலிருந்து வரும் நெய்யில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அந்தக் காலத்தைப் பொற்காலம் ஆக்க நான் விரும்பவில்லை. ஆளுக்கொரு நீதி இருந்த சமூகம் அது. ஆனாலும் ஒரு உயிர் போன வழக்கில்கூட, யாரையும் பூட்டி வைக்காமல் ஒரு ஊரால் தீர்ப்புச் சொல்ல முடிந்திருக்கிறது.

சரி, இன்றைய சிறை எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தைப் பார்த்தால் புரியும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே 200க்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்குத் தண்டனை இருந்தது. ஒரு வீட்டுக்குள்ளிருந்து 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினாலே உயிர் போகும். இவ்வளவு கடுமையாகச் சட்டம் வைத்தால் திருட்டு நின்றுவிடும் என்று நினைத்தார்கள். நடந்தது வேறு. நடுவர் குழுவில் உட்கார்ந்திருந்த சாதாரண மக்களுக்கு ஒரு பொருளுக்காக ஒருவரைத் தூக்கில் போட மனம் வரவில்லை. திருடப்பட்ட பொருளின் மதிப்பு 39 ஷில்லிங்தான் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தண்டனை கூடக் கூட, அது உண்மையில் கிடைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போனது. இத்தாலியச் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா 1764லேயே இதைச் சொல்லிவிட்டார்: குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடுமை அல்ல, பிடிபடுவோம் என்ற நிச்சயம். இன்றைய குற்றவியல் ஆய்வுகளும் பெரும்பாலும் அதையேதான் சொல்கின்றன.

தூக்கில் போடவும் மனமில்லை, விட்டுவிடவும் முடியாது. இதற்குப் பிரிட்டன் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே கண்டிருந்த வழி, ஆட்களைக் கப்பலேற்றி அனுப்புவது. முதலில் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே விடுதலைப் போர் வந்ததும் அந்த வழி அடைபட்டது. கைதிகளைத் தேம்ஸ் ஆற்றில் நின்ற பழைய கப்பல்களில் அடைத்தார்கள். 1788 முதல் ஆஸ்திரேலியா. அதே நேரத்தில், தனி அறையில் வைத்து வேலையும் அமைதியும் கொடுத்தால் மனிதன் திருந்துவான் என்ற எண்ணம் வளர்ந்தது. சிறைச் சீர்திருத்தத்துக்குப் பாடுபட்ட ஜான் ஹோவர்ட் இங்கிலாந்தின் சிறைகளை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்து 1777ல் வெளியிட்ட அறிக்கை அதற்கு வலு சேர்த்தது. 1829ல் ஃபிலடெல்ஃபியாவில் திறந்த பெரிய சிறையில் ஒவ்வொரு கைதியும் தனியாக, மற்றவர் முகத்தையே பார்க்காமல் இருக்க வேண்டும். தனிமையில் மனசாட்சி விழித்துக்கொள்ளும் என்று நல்லெண்ணத்தோடுதான் அதைக் கட்டினார்கள். பலருக்குப் புத்தி பேதலித்ததுதான் மிச்சம்.

இனி நம் தீவுக்கு வருவோம். சிங்கப்பூரில் சிறை எப்படி வந்தது என்று கேட்பதைவிட, சிங்கப்பூரே ஒரு காலத்தில் சிறையாக இருந்தது என்று சொல்வதுதான் சரி. கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் தண்டனை பெற்றவர்களைக் கடல் கடந்து பினாங்குக்கும் சுமத்ராவில் இருந்த பென்கூலனுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. கடலைத் தாண்டினால் சாதியும் உறவும் போய்விடும் என்ற அச்சம் இருந்த காலத்தில், சாவுக்கு அடுத்த தண்டனை அதுதான் என்று கம்பெனிக்குத் தெரியும். 1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் பென்கூலன் டச்சுக்காரர்களுக்குப் போனது. அங்கிருந்த கைதிகள் 1825 ஏப்ரலில் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். முதலில் வந்து இறங்கிய 80 பேர் சென்னை மாகாணத்திலிருந்து அனுப்பப்பட்டிருந்தவர்கள். அடுத்து வங்காளத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள். சிலருடைய நெற்றியிலேயே செய்த குற்றம் பச்சை குத்தப்பட்டிருந்தது. அந்தக் கொடுமையைக் கம்பெனி அரசு 1849ல்தான் கைவிட்டது.

இவர்கள் கட்டியதைத்தான் நாம் தினமும் கடந்து போகிறோம். சாலைகள், பாலங்கள், ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம், இஸ்தானா. 1856ல் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் வெள்ளைச் சுவரை ஒருமுறை பக்கத்தில் போய்ப் பாருங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசி, காய்ந்த பிறகு வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் பளபளக்கும் அதே சுண்ணாம்பு வேலைதான். தென்னிந்தியாவின் அந்தக் கைத்தொழிலை இங்கே செய்து முடித்தவர்கள் காலில் விலங்கு மாட்டிக்கொண்டு வந்த மனிதர்கள்.

இந்த அமைப்பில் நான் முக்கியமாக நினைப்பது கட்டடங்களை அல்ல. இவர்களை அடைத்து வைத்திருந்த பிராஸ் பசா சிறையில் கைதிகளைப் பல வகுப்புகளாகப் பிரித்திருந்தார்கள். புதிதாக வந்தவருக்கு விலங்கு, கடும் வேலை. நடத்தை நன்றாக இருந்தால் விலங்கு போகும், தொழில் கற்கலாம், அப்புறம் தண்டல் போன்ற பொறுப்புக் கிடைக்கும். அதாவது கைதியே கைதிகளைக் கண்காணிக்கும் மேற்பார்வையாளர். வெள்ளைக்கார அதிகாரிகள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். பல ஆண்டுகள் நல்லபடியாக இருந்தவருக்கு வெளியே போய்த் தானே சம்பாதித்துப் பிழைக்க அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். 1873ல் இந்தக் கைதிக் குடியிருப்பு மூடப்பட்டபோது, தண்டனைக் காலம் மீதமிருந்தவர்கள் அந்தமானுக்குப் போனார்கள். சீட்டு வாங்கியவர்களில் பலர் இங்கேயே தங்கினார்கள். கொத்தனாராக, வண்டிக்காரராக, மாட்டுக்காரராக ஊரோடு ஊராகக் கலந்தார்கள். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் திருப்பணியிலும் இவர்கள் கை உண்டு என்று சொல்வார்கள்.

அது அன்பான அமைப்பு அல்ல. காலனி அரசுக்குச் சம்பளமில்லாத கூலியாட்கள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நோயிலும் வேலையிலும் செத்தவர்கள் பலர். என்றாலும் அந்த ஏற்பாட்டில் வெளியே வருபவர் கையில் ஒரு தொழிலும், கால் வைக்க ஓர் இடமும் இருந்தன. தண்டனையைப் பற்றிப் பேசும்போது நாம் அடிக்கடி மறப்பது இந்த இரண்டையும்தான்.

இப்போது ஓர் அடிப்படைக் கேள்வி. தண்டனை எதற்கு? இங்குள்ள நீதிமன்றங்கள் நான்கு நோக்கங்களைச் சொல்கின்றன. தேக்கா மார்க்கெட்டில் ஒருவர் ஒரு பாட்டியின் பணப்பையைத் தட்டிக்கொண்டு ஓடிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். செய்த தப்புக்கு அவர் அனுபவிக்க வேண்டும் என்று பாட்டியின் குடும்பம் நினைப்பது முதல் நோக்கம். பழிக்குப் பழி என்று அதைக் கொச்சைப்படுத்தக் கூடாது, தப்பின் அளவுக்கு மேல் தண்டிக்காதே என்ற வரம்பும் அதற்குள்தான் இருக்கிறது. அவரைப் பார்த்து மற்றவர்களும் அவரேயும் இனி பயப்பட வேண்டும் என்பது இரண்டாவது. உள்ளே இருக்கும்வரை அவரால் இன்னொரு பையைத் தட்ட முடியாது என்பது மூன்றாவது. வெளியே வரும்போது திருடத் தேவையில்லாத மனிதராக வர வேண்டும் என்பது நான்காவது. இவை நான்கும் ஒரே பக்கம் இழுப்பதில்லை. அச்சமூட்டுவதற்காக நீண்ட காலம் போட்டால் வேலையும் குடும்பமும் போய்விடுகின்றன, திருந்துவது கடினமாகிறது. சீக்கிரம் விட்டால் பாட்டிக்கு நியாயம் கிடைத்ததாகத் தோன்றாது. ஒவ்வொரு தீர்ப்பும் இந்த இழுபறிக்கு நடுவில்தான் எழுதப்படுகிறது.

சிங்கப்பூர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பிரம்படி பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போனது. அவர்கள் தங்கள் நாட்டில் கைவிட்டும் நாம் விடவில்லை. 50 வயதுக்கு மேற்படாத ஆண்களுக்கு மட்டும், ஒரு வழக்கில் அதிகபட்சம் 24 அடி, மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பிரம்பின் தடிமன் 1.27 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பதுவரை சட்டத்தில் எழுதியிருக்கிறது. ஆயுள் தண்டனை என்றால் 20 ஆண்டு என்று பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1997ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆயுள் என்றால் ஆயுள் முழுக்க என்று தீர்ப்பளித்தது. 20 ஆண்டுக்குப் பிறகு விடுதலையைப் பரிசீலிக்கலாம், அவ்வளவே. மற்ற சிறைத்தண்டனைகளில் பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு முடிந்ததும் நிபந்தனையோடு வெளியே விடுகிறார்கள்.

மரண தண்டனையைத் தொடாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின் கடத்தினால் தூக்கு. 2013 முதல், வெறுமனே சுமந்து வந்தவராக இருந்து, விசாரணைக்குக் கணிசமாக உதவினார் என்று அரசுத் தரப்பும் சான்றளித்தால், நீதிபதி ஆயுள் தண்டனையும் குறைந்தது 15 பிரம்படியும் கொடுக்கலாம். 2009ல் 42 கிராம் ஹெராயினோடு உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்ட மலேசியத் தமிழ் இளைஞர் 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு அறிவுத்திறன் குறைபாடு உண்டு என்று வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். செய்வது என்னவென்று தெரிந்தே செய்தார் என்று நீதிமன்றங்கள் முடிவு செய்தன. கடத்தல்காரர்களைத் தடுக்க இந்த அச்சம் தேவை, மக்களில் பெரும்பாலோர் இதை ஆதரிக்கிறார்கள் என்பது அரசின் நிலை. போதைப்பொருளால் குடும்பங்கள் நாசமாவதை நானும் பார்த்திருக்கிறேன், அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் எல்லையில் பிடிபடுபவர் பெரும்பாலும் கடனில் மூழ்கியவர், அல்லது சொன்னதைச் செய்பவர். சரக்கின் சொந்தக்காரர் வேறெங்கோ இருக்கிறார். பிடிபட மாட்டோம் என்று நம்பி வருபவரிடம் தண்டனை எவ்வளவு பெரியது என்பது எந்த அளவுக்கு எடுபடும் என்று எனக்குச் சந்தேகம். தவறாகத் தண்டித்துவிட்டால் திருத்திக்கொள்ளவும் வழியில்லை.

கண்டிப்பு மட்டும்தான் சிங்கப்பூரின் கதை என்றும் சொல்ல முடியாது. 1960ல் புலாவ் செனாங் என்ற குட்டித் தீவில் ஒரு துணிச்சலான முயற்சி நடந்தது. ரகசியக் கும்பல்களைச் சேர்ந்தவர்கள் என்று விசாரணையின்றித் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர்களை அங்கே அனுப்பினார்கள். மதில் கிடையாது, காவலர் கையில் துப்பாக்கி கிடையாது. அவர்களே குடியிருப்பைக் கட்டினார்கள், சாலை போட்டார்கள். வேலை செய்தால் மனிதன் மாறுவான் என்று கண்காணிப்பாளர் டேனியல் டட்டன் உறுதியாக நம்பினார். 1963 ஜூலை 12ல் அங்கே கலவரம் வெடித்தது. டட்டனும் ஊழியர்கள் சிலரும் கொல்லப்பட்டார்கள், கட்டியதெல்லாம் எரிந்தது. 1965 அக்டோபரில் 18 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

இதைச் சொல்லி, "பார், இரக்கம் காட்டினால் இப்படித்தான்" என்று முடிப்பவர்கள் உண்டு. நான் வேறு மாதிரி பார்க்கிறேன். அங்கே இருந்தவர்களுக்கு நீதிமன்றம் கொடுத்த தண்டனைக் காலம் என்று எதுவும் இல்லை. எப்போது வீட்டுக்குப் போவோம் என்பது அதிகாரிகளின் கையில் இருந்தது. வேலை கடுமையானது. ஒத்துழைக்காத சில தச்சர்கள் மீண்டும் சாங்கிச் சிறைக்கு அனுப்பப்பட்டது மற்றவர்களைக் கொதிக்க வைத்தது. கொலையை எதனாலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் முடிவு நாள் தெரியாத மனிதனிடம் பொறுமையை எதிர்பார்க்கும் எந்தத் திட்டமும் ஆட்டம் காணத்தான் செய்யும். விசாரணையின்றிக் காவலில் வைக்க வழிசெய்யும் 1955ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நீட்டிக்கப்பட்டுக்கொண்டே வருகிறது.

இனி, சிறை என்ற ஏற்பாட்டுக்கே உரிய பிரச்சினைகள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்களும் அதில் சிக்குகிறார்கள். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள்; ஜாமீன் கட்டப் பணமில்லாததாலேயே உள்ளே கிடப்பவர்கள் அவர்களில் நிறைய. இங்கே அந்தத் தேக்கம் இல்லை என்பது பெரிய விஷயம். ஆனால் குறுகிய காலச் சிறை செய்யும் சேதம் இங்கேயும் உண்டு. நான்கு மாதம் உள்ளே போனால் யாரும் திருந்திவிட முடியாது, அதற்கு நேரம் போதாது. வேலை போவதற்கு அந்த நான்கு மாதம் தாராளமாகப் போதும். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடன், பிள்ளையின் துணைப்பாடக் கட்டணம், வயதான அம்மாவின் மருந்துச் செலவு எல்லாம் மனைவி தலையில் விழும். "அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார்" என்று பிள்ளைகளிடம் சொல்லி வைக்கும் வீடுகள் நம்மிடையே எத்தனையோ. அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதே அந்தத் தாய்க்குத் தனித் தண்டனை. சட்டம் தண்டித்தது ஒருவரை, அனுபவிப்பது நான்கு பேர்.

இதைச் சட்டமும் கொஞ்சம் உணர்ந்திருக்கிறது. 2011ல் நடைமுறைக்கு வந்த சமூகத் தண்டனைகள் அதற்குச் சான்று. சிறு குற்றங்களுக்குச் சமூக சேவை, மனநலச் சிக்கல் இருந்தால் கட்டாயச் சிகிச்சை, அதிகபட்சம் 14 நாள் மட்டுமே உள்ளே வைக்கும் குறுகியகாலக் காவல் என்று நீதிபதிகளுக்கு வேறு வழிகளும் கிடைத்தன. 2019க்குப் பிறகு, போதைப்பொருள் உட்கொண்டதைத் தவிர வேறு குற்றம் செய்யாதவர்கள் மறுபடி பிடிபட்டாலும் நீண்ட சிறைக்குப் பதிலாக மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். நல்ல மாற்றம்.

சிறை வேலை செய்கிறதா என்பதற்கு எல்லோரும் பார்க்கும் அளவுகோல், வெளியே வந்தவர் இரண்டு ஆண்டுக்குள் திரும்ப உள்ளே போகிறாரா என்பது. 1998ல் விடுதலையானவர்களில் 100க்கு 44 பேர் அப்படித் திரும்பிப் போனார்கள். அப்போது சிறைகளில் கூட்டம் நிரம்பி வழிந்தது, ஊழியர்கள் போதவில்லை. பூட்டைப் பார்த்துக்கொள்வது மட்டும் தங்கள் வேலை அல்ல என்று சிறைத்துறையே தன்னை மாற்றிக்கொள்ளத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 2004ல், விடுதலையானவர்களைச் சமூகம் ஏற்றுக்கொள்ள வைக்கும் மஞ்சள் நாடா திட்டம் வந்தது. உள்ளேயே சலவைக்கூடம், ரொட்டிக்கூடம் என்று தொழிற்பயிற்சி. வெளியே வருவதற்கு முன்பே வேலை தேடிக் கொடுப்பது. கடைசிக் காலத்தை மறுவாழ்வு இல்லத்தில் கழிக்க விடுவது. இந்து அறக்கட்டளை வாரியமும் ஆஷ்ரம் என்ற பெயரில் அப்படி ஓர் இல்லத்தை நடத்திவந்திருக்கிறது. இன்று இரண்டு ஆண்டுக் கணக்கில் திரும்பிப் போவோர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். ஐந்து ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இந்த எண்ணிக்கை கூடும். அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

கவனியுங்கள், 1998க்கும் இன்றைக்கும் நடுவில் பிரம்பின் தடிமன் கூடவில்லை. சாங்கியில் கைதிகள் இன்றும் கட்டில் இல்லாமல் தரையில் பாய் விரித்துத்தான் படுக்கிறார்கள். பெரிய அளவில் மாறியது, விடுதலையாகும் நாளுக்கான ஏற்பாடு. எண்ணிக்கை குறைந்ததற்கு அதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து.

அந்த நாளுக்குப் பிறகு வருவது வேலை விண்ணப்பப் படிவம். "குற்றப் பதிவு உண்டா?" என்ற கேள்வி வரும். பலருக்குத் தெரியாத ஒரு விதி இங்கே உதவும். மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறை அல்லது 2,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேற்படாத அபராதம் பெற்றவர், வெளியே வந்து ஐந்து ஆண்டுகள் எந்தக் குற்றமும் செய்யாமல் இருந்தால் அந்தப் பதிவு காலாவதியானதாகிவிடும். கடுமையான சில குற்றங்களுக்கும், ஏற்கெனவே வேறு பதிவு உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. பொருந்தும் ஒருவர் அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று சட்டப்படியே பதில் எழுதலாம், அது பொய்யாகாது. நான்கு மாதம் தண்டனை பெற்றவருக்குத் தானாகக் கிடைக்கும் இந்த வழி இல்லை. 15 ஆண்டு ஒழுங்காக இருந்திருந்தாலும் பதிவு தானாகக் காலாவதியாகாததால், படிவத்தில் பொதுவாக "உண்டு" என்றுதான் எழுத வேண்டும். இந்த மூன்று மாத வரம்பை ஓராண்டு வரையாவது நீட்ட வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அதற்குப் புதிய கட்டடமோ கூடுதல் காவலரோ தேவையில்லை. நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் போதும்.